சர்வீஸில் போனவர்கள்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு மாடி இருந்தால், அந்த வீட்டில் யாரோ வேலையில் இருக்கும்போதே செத்துப்போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அத்திப்பட்டு ஸ்டேஷனில் இறங்கி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டிய மண்பாதையில் நடந்தால் எங்கள் ஊர் வரும். ஊர் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். ஒரு குருசடி, ஒரு அம்மன் கோயில், ஒரு ரேஷன் கடை, இரண்டு தெரு. வடக்கே இந்த லைனைப் போட்ட காலத்தில் தண்டவாளத்தைப் பராமரிக்க ஆட்களைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள், அவர்கள் பெருகி ஊரானது. உப்பு மண், ஒன்றும் விளையாது. எங்கள் தாத்தாக்கள் ஜல்லி அள்ளினார்கள், கட்டை மாற்றினார்கள். வீடுகளுக்குள்ளும் ரயில்வேதான் இருக்கிறது. பழைய ஸ்லீப்பர் கட்டைதான் பாதி வீடுகளுக்கு வாசற்படி. எங்கள் கொல்லையில் துணி காயப்போடும் கொடியின் இரண்டு பக்கமும் துண்டுத் தண்டவாளத்தைத்தான் நட்டிருக்கிறோம். வெள்ளைத் துணி காயப்போட்டால் சாயங்காலத்துக்குள் அதன்மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருக்கும். உதறிவிட்டு மடித்து வைப்போம்.

ரயில்வேயில் ஒருவர் பணியில் இருக்கும்போது இறந்தால் அவர் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பார்கள். அரசாங்க வேலை எல்லாவற்றிலும் உள்ளதுதான். ஆனால் வேறு பிழைப்பில்லாத ஒரு சின்ன ஊரில் தலைமுறை தலைமுறையாக அது நடந்தால், சடங்கு மாதிரி ஆகிவிடும். எங்கள் ஊரில் பிணத்தை எடுப்பதற்கு முன்பே, தண்டவாள வேலைக் கேங்கில் கூட இருந்தவர்கள் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்து எந்தப் பிள்ளைக்கு வேலை என்று பேசி முடித்துவிடுவார்கள். மாரடித்து அழுதுகொண்டிருக்கும் அம்மாவை உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பார்கள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே பெயரைச் சொல்லுவாள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். நாளைக்குப் பேசினால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து நடக்கும். பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் சண்டை போட மாட்டார்கள். அனுபவப்பட்டுக் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

அதனால் எங்கள் ஊரில் சாவு இரண்டு வகை. "சர்வீஸ்ல போனாரு" என்று சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை இருக்கும். ரிட்டையர் ஆகி, பேரன் பேத்தி எடுத்து, நிதானமாகப் போனவரைப் பற்றிப் பேசும்போது, "பாவம், வயசாகிப் போய்ட்டாரு" என்பார்கள். அந்தப் பாவம் எதற்கு என்று சின்ன வயதில் எனக்கு விளங்கியதே இல்லை.

என் தாத்தா சர்வீஸில் போனவர். லைன் ஓரத்துப் புதரை வெட்டும்போது பாம்பு கடித்தது. அந்த வேலைதான் அப்பாவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன் மஞ்சள் காமாலையில் போனார். அத்தை ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு கேங்கில் சேர்ந்தாள், எங்கள் ஊரில் முதல் பெண் அவள்தான். இரண்டே வருஷத்தில் மாடி எழும்பியது. அந்த மாடியின் நிழல் மத்தியானத்தில் எங்கள் ஓட்டு வீட்டின் மேல் விழும். நான் கொடியில் துணி காயப்போடும்போது அதை அண்ணாந்து பார்ப்பேன். பொறாமை என்று சொல்லமாட்டேன். சரி, பொறாமைதான்.

நான் வீட்டுக்கு ஒரே பெண். பி.காம். முடித்துவிட்டு, ரயில்வே பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டு, மணலி புதுநகர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் காண்ட்ராக்டில் இருந்தேன். எந்தப் பெட்டி வந்தது, எந்தப் பெட்டி போனது என்று கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் எங்கள் வேலை இருக்குமா போகுமா என்று ஆளாளுக்கு விசாரித்துக்கொண்டிருப்போம். அப்பா கீமேன். அதாவது, விடியற்காலையில் தோளில் சுத்தியலோடு தன் பங்குத் தண்டவாளத்தை நடந்து பார்த்து, தளர்ந்த பிடிப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டே போகிறவர். அதிகம் பேசமாட்டார். தண்டவாளத்தைப் பார்த்தே நடந்து பழகியதால், மனிதர்களிடம் பேசும்போதும் தரையைத்தான் பார்ப்பார்.

அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் வந்துகொண்டிருந்த சமயத்தில்தான் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் போட்டுக் கொடுத்தோம். அது நெஞ்சுக்குள் இறங்கி மூச்சை முட்டியது. ரயில்வே ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நேராக ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரல் இரண்டிலும் சளி கட்டியிருக்கிறது, வயதும் ஆகிறது, பார்க்கலாம் என்றார் டாக்டர். அந்த மாசக் கடைசியில் அப்பாவின் சர்வீஸ் முடிகிறது. டாக்டருக்கு அது தெரியாது. எங்கள் ஊருக்கே தெரியும்.

அப்பாவின் கேங்குக்குத் தலைமையாக, மேட்டாக இருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆஸ்பத்திரிக்கு வந்தவர் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"பாப்பா, தப்பா நெனச்சிக்காத. உன் சர்ட்டிபிகேட்டுல்லாம் எங்க கீது? எட்து ரெடியா வெச்சிக்க. போட்டோவும் எடுத்துடு. அப்பறம் அந்த நேரத்துல அலையக் கூடாது பாரு."

கோபப்பட்டிருக்க வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது என்ன பேச்சு பேசுகிறாய் மாமா என்று கேட்டிருக்க வேண்டும். நான் தலையாட்டினேன். மறுநாள் யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தண்டையார்பேட்டையில் இறங்கி ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். தலையைச் சீவி, பொட்டைச் சரிசெய்து உட்கார்ந்தேன். பாஸ்போர்ட் சைஸுக்குச் சிரிக்கக் கூடாது என்றாலும், முகத்தைக் கொஞ்சம் மலர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஸ்டுடியோக்காரர். வைத்துக்கொண்டேன். படம் நன்றாகவே வந்திருந்தது. பஸ்ஸில் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன்.

அம்மா ராயபுரத்துக்காரி. அவள் வீட்டில் எல்லாரும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் இருந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கூட்டம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வாரம் அம்மா, தான் ஞானஸ்நானம் பெற்ற மாதா கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆளுக்கொரு மெழுகுவர்த்தி வாங்கினோம். மாதா முன்னால் முழங்காலில் நின்று அம்மா நெடுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வெளியே வந்ததும், என்ன வேண்டிக்கொண்டாய் என்று என்னைக் கேட்பாள், தான் வேண்டியதையும் சொல்வாள். அன்றைக்குக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வாசலில் தேங்காய் பர்பி வாங்கித் தின்றுவிட்டு பஸ் ஏறினோம்.

நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நல்லது எதுவோ அது நடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மாதாவிடம்கூட வாயைத் திறந்து கேட்க தைரியமில்லாமல், அவளே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நேரடியாகக் கேட்டவர்களைவிட நான் மோசம் என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த நாள் மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். அப்பா வாயிலும் மூக்கிலும் ஆக்சிஜன் மாஸ்க். கட்டிலின் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் நான். அப்பா கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் ஊசி குத்தியிருந்த கையைத் தூக்கி மாஸ்க்கைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கை காற்றில் எதையோ தள்ளுவது மாதிரி ஆடியது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "வேணான்றாரு" என்று கிசுகிசுத்தாள்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாஸ்க் அவர் தாடைக்குக் கீழே கிடந்தது. என் கைக்கு எட்டும் தூரம்தான். நான் எடுத்து மாட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொஞ்ச நேரமாகத்தான் இருக்கும். ஆனால் மாசக் கடைசி என்று ஒருமுறை மனதுக்குள் ஓடுவதற்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. எதிர்க் கட்டிலருகே நின்ற நர்ஸ் ஓடிவந்து மாஸ்க்கை மாட்டினார். பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறீர்களே, நீங்களெல்லாம் மனிதர்களா என்று எங்கள் இருவரையும் திட்டி வெளியே அனுப்பினார்.

மாடிப்படி இறங்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "உனக்காவத்தான் கழட்டுனாரு. புரியுதா? மாசம் முடியறதுக்குள்ள போய்டணும்னு நெனைக்கிறாரு. அந்த மனுசன் வாயத் தொறந்து சொல்லமாட்டாரு, எனக்குத் தெரியும்."

நான் அப்படியே நம்பினேன். நம்பப் பிடித்திருந்தது. சும்மா நின்ற மகளைவிட, தகப்பனின் ஆசைக்குக் குறுக்கே நிற்காத மகளாக இருப்பது எளிதாக இருந்தது. படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழுகை நிஜம்தான்.

அப்பா பிழைத்துக்கொண்டார். மருந்து வேலை செய்தது, மூச்சு சீராகி வார்டுக்கு மாற்றினார்கள். பேச்சு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, வூட்டுக்கு இட்டுகினு போ என்பதுதான். இன்னும் சில நாள் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியும் கேட்காமல், குழந்தை மாதிரி அடம்பிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். மாசம் முடிய இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருந்தது.

வீட்டுக்கு வந்த அந்த நாட்களில் அப்பா நடந்துகொண்டது விசித்திரமாக இருந்தது. உள்ளே படுக்கமாட்டேன் என்றார். கட்டிலைத் தூக்கி வாசலில், வேப்பமரத்தடியில், தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி போடச் சொன்னார். மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால் வாங்கமாட்டார். அட்டையையே கேட்டு வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, தானே பிரித்துப் போட்டுக்கொள்வார். சில வேளை போட்டுக்கொண்டாரா என்றுகூடத் தெரியாது. கஞ்சி கொண்டுபோனால், அப்புறம் குடிக்கிறேன், வெச்சிட்டுப் போ என்பார். பக்கத்து வீட்டு அத்தை டூட்டி முடிந்து வந்து, தன் வீட்டு ரசத்தில் சோற்றைக் கரைத்துக் கொடுத்தால் சாப்பிடுவார். நான் கிட்டே போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

அம்மாவும் நானும் அடுப்படியில் உட்கார்ந்து இதைப் பேசி மாய்ந்துபோவோம். பாரேன், இன்னும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறார், மருந்தும் வேண்டாம் சோறும் வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிறார், பெண்ணுக்காக இப்படியும் ஒரு மனிதன் உண்டா என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். எனக்கு அவரைப் பார்க்கவே முடியாமல் இருந்தது. வேண்டாம் நைனா, எனக்கு வேலை வேண்டாம், நீ இருந்தால் போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் சொல்ல நினைத்து வாசல் வரைக்கும் போவேன். ஆரஞ்சுச் சட்டையோடு அத்தை தன் வீட்டு மாடிப்படி ஏறுவது கண்ணில் படும். திரும்பி வந்துவிடுவேன்.

மாசம் முடிந்தது. கேங்காரர்கள் மாலை, சால்வை, ஸ்வீட் பாக்கெட்டோடு வீட்டுக்கே வந்து அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்து மரியாதை செய்தார்கள். மாமா பேசும்போது, எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக வெளியே வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு, சட்டென்று என் பக்கம் பார்த்தார். ஊரே என் பக்கம் பார்த்தது. துக்க வீட்டில் பார்ப்பது போன்ற அனுதாபப் பார்வை. எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்பா உயிரோடு இருப்பதில் சந்தோஷம் இல்லையா என்றால், இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தன. அன்றைக்கு ராத்திரி அப்பா கட்டிலை உள்ளே போடச் சொன்னார். மறுநாள் காலையில் அம்மாவிடம் கேட்டு வாங்கி ஆறு இட்லி சாப்பிட்டார். இனிமேல் என்ன செய்ய முடியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார் போல என்றாள் அம்மா.

மாஸ்க் கதையை அம்மா அத்தையிடம் சொன்னாள். அத்தை கேங்கில் சொன்னாள். கொஞ்ச நாளில் எங்கள் ஊரின் பெருமைகளில் ஒன்றாக அது ஆகிவிட்டது. பெற்ற பெண்ணுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த மனிதர், ஆண்டவன்தான் கொடுக்கவிடவில்லை என்று டீக்கடையில் பேசுவார்கள். சர்வீஸில் போகாவிட்டாலும் அப்பாவுக்கு அந்த மரியாதையில் பாதி கிடைத்தது. யாராவது அதை எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். கூச்சம் என்று நினைத்தோம். நான் சும்மா நின்றதும், நர்ஸ் திட்டியதும் அந்தக் கதையில் கிடையாது. அம்மாவும் சேர்க்கவில்லை, நானும் சேர்க்கவில்லை.

இந்த வருஷம் ராயபுரத்துப் பழைய ஸ்டேஷனில் ஒரு விழா வைத்தார்கள். ரயில்வே பாரம்பரியம் என்று பேனர். பாரம்பரியம் என்ற வார்த்தையை நாங்கள் மசாலா பாக்கெட்டில்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். பழைய கை விளக்குகள், சிக்னல் கொடிகள், கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் மேசையில் அடுக்கியிருந்தார்கள். தலைமுறைகளாக ரயில்வேயில் இருக்கும் குடும்பங்களைக் கௌரவிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாமா எங்கள் ஊரின் பெயரைக் கொடுத்திருந்தார். ஊரிலிருந்து ஒரு பெட்டி நிறைய ஏறிப் போனோம். வீட்டுக்கு வீடு சுவரிலிருந்து போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாப் போட்டோவிலும் சந்தனப்பொட்டு. அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் தாத்தாவின் படத்தை வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அந்தப் பெட்டியில் போட்டோவாக வராமல் ஆளாக வந்த ரிட்டையர்காரர் அவர் ஒருவர்தான் என்று யாரோ கேலி செய்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

ஊர் சார்பில் யாராவது பேச வேண்டும் என்றபோது, படித்த பெண் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். மைக் பிடித்ததும் எனக்கு வேகம் வந்துவிட்டது. லைன் போட வந்தவர்கள் ஊரானதைச் சொன்னேன். ஸ்லீப்பர் கட்டை வாசற்படியைச் சொன்னேன். பந்தல் ஓரத்தில் வேலை பேசி முடிப்பதைச் சொன்னபோது கூட்டம் அமைதியானது. அந்த அமைதி பிடித்துப்போய், அப்பாவைக் கைகாட்டி, ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். என் வேலைக்காக ஆக்சிஜன் மாஸ்க்கைத் தானே கழற்றிய மனிதர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்றேன். குரல் கம்மியது. நானாகக் கம்மவைக்கவில்லை, ஆனால் கம்மியது நன்றாக இருந்தது என்று அந்த நேரத்திலேயே எனக்குத் தெரிந்தது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ஒரு பெண் அதிகாரி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது திருவொற்றியூர் தாண்டும்வரை அப்பா தாத்தாவின் படத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம், "நல்லா பேசுன" என்றார். அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் அப்பாவுக்கு மறுபடி இருமல் பிடித்தது. இரண்டு நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எனக்கு உள்ளூரப் பயம். போனமுறை ஆஸ்பத்திரியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தவர், இப்போது கூப்பிட்டால் வரவேமாட்டார், குண்டுக்கட்டாகத்தான் தூக்கிப்போக வேண்டும் என்று நினைத்தேன். அதற்காக மாமாவைக்கூட வரச் சொல்லிவைத்தேன். ஆனால் நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா பையில் லுங்கி, துண்டு, மெடிக்கல் கார்டு எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார். மாமா வேண்டாம், நீ ஒருத்தி வா போதும் என்றார். அம்மாவையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்.

மத்தியான லோக்கலில் கூட்டமில்லை. எண்ணூர் வரும்வரை அப்பா ஜன்னலில் தலையைச் சாய்த்து மூச்சை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

"அப்ப வேணாம் வேணாம்னு அடம் புடிச்சு வூட்டுக்கு வந்த. இப்ப நீயே பையத் தூக்கிகினு முன்னாடி வர்ற. இன்னா நைனா?"

அப்பா கண்ணைத் திறந்தார். வழக்கம்போல தரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"இப்ப இன்னா பயம்? இப்ப நான் செத்தா யாருக்கும் ஒண்ணும் கெடைக்காது."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. மழை விட்டுவிட்டது என்று சொல்லுவது மாதிரி சொன்னார். நான் எதுவும் கேட்காமலே, மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்தி, மிச்சத்தையும் சொன்னார். அன்றைக்கு மாஸ்க்குக்குள் காற்று வரவில்லை என்று தோன்றியதாம். நர்ஸைக் கூப்பிடத்தான் கழற்றினாராம். குரல் எழும்பவில்லை, கையை ஆட்டிக் காட்டினாராம். இரண்டு பக்கமும் நாங்கள் நின்றதைப் பார்த்தாராம்.

"நீ கூப்புடுவன்னு பாத்தேன்" என்றார். "அதுக்கப்பறம் எனக்கு தைரியம் வர்ல, பாப்பா. மாசம் முடியட்டும்னு வாசல்லயே பட்த்துகினு இருந்தேன்."

மரத்தடிக் கட்டில், அட்டையோடு வாங்கிய மாத்திரை, அத்தை வீட்டு ரசச் சோறு எல்லாம் ஒவ்வொன்றாக எனக்குள் வந்து விழுந்தன. சாவதற்காகப் பட்டினி கிடக்கிறார் என்று நாங்கள் அடுப்படியில் அழுதோம். அவர் பிழைத்திருக்கக் காவல் காத்துக்கொண்டிருந்தார், எங்களிடமிருந்து. அதைத்தான் நான் மைக் பிடித்துத் தியாகம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன், அவரையும் முன்னால் உட்காரவைத்துக்கொண்டு.

மன்னித்துவிடு என்று சொல்ல வந்தது. ஓடுகிற ரயிலில், எதிர் சீட்டில் முருங்கைக்காய்க் கட்டோடு ஒரு அம்மாள் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த வார்த்தை மிகச் சின்னதாகத் தெரிந்தது. ஏன் அன்றைக்கே என்னைத் திட்டவில்லை என்று மட்டும் கேட்டேன். திட்டினால் நீ வீட்டில் எப்படி இருப்பாய் என்றார் அப்பா. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது, படியில் ஏற முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முழு பாரத்தையும் என்மேல் போட்டார்.

ஆஸ்பத்திரியில் கட்டில் கொடுத்து, மறுபடி ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்றார்கள். கூட யார் இருக்கப்போகிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். ஆண்கள் வார்டு, ஆம்பிளை யாராவது இருந்தால் நல்லது என்றும் சொன்னார். மாமாவை வரச்சொல்கிறேன் என்று நான் போனை எடுத்தேன். என்னை அவர் பக்கத்தில் விடக்கூடாது என்று நானே நினைத்தேன். அப்பா, மாஸ்க்கோடு வந்த நர்ஸைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"என் பொண்ணே இருக்கட்டும், சிஸ்டர்" என்றார். "இப்ப பரவால்ல."